பத்து வருஷப் பத்திரம்

இன்று காலை செண்டாயான் சாலையில், ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று எனக்கு முன்னால் போனது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, வாசனையான ஞாபகம் எதையும் நீ விட்டுப் போகவில்லை.

ஒரே ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம், இரண்டு பேருக்கும் அப்பன் பால்மரம் வெட்டியவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவன். நீ கோலாலம்பூரில் வங்கி வேலைக்குப் போனாய். நான் சிரம்பானில் பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். ஓய்வு பெற்றபின் ராசா சாப்பாட்டுக் கடையில் தினமும் காலையில் நமக்கு ஒரே வேலை: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், மலேசியா, இந்த ஐந்து அரசாங்கங்களும் பத்து வருஷக் கடன் பத்திரத்துக்கு என்ன வட்டி தருகின்றன என்று பார்ப்பது. கைப்பேசியில் எண்களை நான் வாசிப்பேன். விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், நாட்டின் கடன் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து நீ தீர்ப்புச் சொல்வாய். ஜப்பான் ஏறினால் மட்டும் உன் முகம் மாறும். ஐந்தில் குறைந்த வட்டி தரும் கஞ்சனே கையைத் திறந்தால் உலகத்துக்கே ஏதோ வரப்போகிறது என்பாய்.

நான் அந்த ஐந்தையும் விட்டுவிட்டு, இரண்டு மடங்குக்கு மேல் வட்டி தந்த வேறொரு நாட்டின் பத்திரத்தை வாங்கினேன். கடை நிறைய ஆள் இருந்தபோது, என் மருமகன் எதிரிலேயே சொன்னாய்.

"வெட்டித் தள்ளப் போற மரத்தைத்தான் மேலயும் கீழயும் கீறி, இருக்கற பாலையெல்லாம் எடுப்பாங்க. அள்ளிக் கொடுக்கற வட்டியும் அதுதான். உங்கப்பா காலமெல்லாம் மரம் வெட்டினாரு. மகனுக்கு இதுகூடத் தெரியல லா."

கடையே சிரித்தது. மருமகனும் சிரித்தான். ஒரு வருஷத்துக்குள் அந்த நாட்டு நாணயம் படுத்துவிட்டது. நீ சொன்னது சரி; அதனாலேயே உன்னை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அதன்பின் தினமும், தேநீர் வருவதற்கு முன்பே, மரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய், பாவி.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச மூச்சில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"ஜப்பான் இன்னிக்கு எவ்வளவுடா?"

கைப்பேசி என் கையில்தான் இருந்தது. எண்ணையும் பார்த்துவிட்டேன்.

"பத்து வருஷப் பத்திரம் இனிமே உனக்கு எதுக்கு?" என்றேன்.

நீ சிரித்தாய். நல்ல அடி என்று ஒப்புக்கொள்ளும் சிரிப்பு. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் நான் வந்தபோது கட்டிலில் வேறு ஆள்.

இன்றும் அதே கடைதான். நான்கு நாடுகளை வாய்விட்டு வாசிக்கிறேன். ஜப்பான் வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அன்றைக்கு ஏறியிருந்ததடா. நன்றாகவே ஏறியிருந்தது.