மிஷினுக்கு ஒரு நெற்றி

வில்லாபுரம், மதுரை
ஆடி கடைசி வெள்ளி

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மாயக்காளும் மிஷினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சமாதானமாகி நன்றாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். சுகம் சொல்லும் வரிசையில் மிஷினை எதற்குச் சேர்த்தேன் என்பது போகப்போகத் தெரியும். எதிர்வீட்டு விஸ்வநாத் லீவு முடிந்து உங்கள் போலந்துக்குத் திரும்புகிறான், பெட்டியில் இடம் இருக்கிறது அத்தை என்று அவனாகவே வந்து கேட்டான், கேட்டதற்காக இப்போது வருத்தப்படுகிறான். அப்பளம், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், மாப்பிள்ளைக்குச் சீவல் எல்லாம் அவனிடம்தான் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே உங்கப்பா பிடுங்கிக்கொள்வார், கேட்கிறவர்களுக்கு மிஷினைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று தோன்றும்படி கதை போகும். அதனால் அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

போன தையில் நீ வந்திருந்தபோது நாம் பேசி முடித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்குத் தோள்பட்டை வலி, நம் அப்பளக் கம்பெனியில் எண்ணி அடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர்களும் சீரியல் கதை பேசிக்கொண்டே எண்ணியதில் கொல்லத்து வியாபாரி கட்டுகளில் அப்பளம் குறைகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்பளம் கூடிப்போன கட்டுகளைப் பற்றி அந்த மனுஷன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, போதும்மா, கம்பெனிய மூடிட்டு எங்ககூட வந்து இரு என்றாய். நான் முடியாது என்றேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சிறுதொழிலில் புதிதாக ஒன்று செய்து ஓட்டிக் காட்டினால் அதைப் பெரிதாகச் செய்ய அரசாங்கம் பாதிச் செலவு கொடுக்கிறதாமே, அதற்கு எழுதிப் போடுவோம், கிடைத்தால் நான் இங்கே, கிடைக்காவிட்டால் ஆவணியில் ஷட்டரை இறக்கிவிட்டு உன்னோடு. சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினேன். ஆனால் உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலைக்குப் போன உங்கள் இருவரையும் எதிர்பார்த்து, நாள் முழுக்க டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற என்னை நானே ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது ரோகிணி. உன்னிடம் சொல்லவில்லை.

நீ ஊருக்குப் போனதும் உங்கப்பா களத்தில் இறங்கினார். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனபின் விசில் ஊத இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இன்னோவேஷன் என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. டீயில் சீனி குறைந்தால் இன்னோவேஷன், ரசத்தில் நான் தக்காளிக்குப் பதில் மாங்காய் போட்டால் இன்னோவேஷன். விண்ணப்பத்தை நானே போடுறேன் என்று கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். உங்கள் புதுமை என்ன என்று கேட்டிருந்த கட்டத்தில், தன் தாத்தா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். இம்புட்டு எழுத்துக்கு இடமில்லை என்று கட்டம் சிவந்துபோனது. எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு, அப்பளத்தை எண்ணி அடுக்கும், கட்டு நிறைந்ததும் தானே நிற்கும் என்று நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். தனக்கும் ஒரு பதவி வேண்டும் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் மார்க்கெட்டிங் மேனேஜர் என்று போட்டோம். சம்பளம் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

மிஷினை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய். சமயநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் சுருளி தம்பிதான் நான் சொல்லச் சொல்ல வெட்டி ஒட்டிச் செய்தான். நீ வேலை பார்க்கும் பிஸ்கட் மிஷின் கம்பெனியில் இருப்பதுபோல ஒரு கண் வாங்கிப் பொருத்துங்கள் என்றாயே, அதையும் முன்பக்கம் நடுவாகப் பொருத்தினோம், கறுப்பாக, உருண்டையாக, நம் கட்டை விரல் நகம் அளவு. பெல்ட்டில் வரும் அப்பளத்தை அந்தக் கண் பார்க்கும், எண்ணும், கட்டு நிறைந்ததும் பெல்ட் நிற்கும், நாம் எடுத்ததும் மறுபடி ஓடும். கண்ணில் தூசு படக்கூடாது என்று நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். இந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருக்கும் மாயக்காள், மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொண்டு துடைத்தாள். முந்தானையால் துடைக்கப்போன என்னையே அதட்டினாள்.

அதிகாரிகள் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் ஆடி வெள்ளிக்கிழமை. வேறென்ன வேண்டும், நாளும் நல்ல நாள். விடிந்ததும் கழுவிக் கோலம் போட்டு, மிஷினுக்குக் கதம்ப மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் கட்டினேன். சந்தனக் கிண்ணத்தோடு உங்கப்பா வந்து, எங்குட்டு வைக்க என்று கேட்டார். நான் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன், இதெல்லாமா கேப்பீக, முகத்துல மங்களகரமா வைங்க என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன். அவரும் மிஷினுக்கு முகம் எது என்று யோசித்து, கண் இருக்கிற இடம்தான் முகம் என்று முடிவு செய்து, தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று சிறப்பாகச் செய்து வைத்துவிட்டார். நான் சூடம் காட்டினேன். மாயக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னைக்குத்தான் மிஷினு லட்சணமா இருக்கு என்று சுருளியும் சொன்னான். எங்களில் ஒருத்தருக்குக் கூட எதுவும் தோன்றவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

மூன்று பேர் வந்தார்கள். தொழில் அலுவலகத்து அதிகாரி ஒருவர், இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் சுப்பராமன், பேங்கிலிருந்து ராஜஸ்ரீ மேடம். அதிகாரி நேராக உங்கப்பாவைப் பார்த்து, சார் உங்க யூனிட்ல என்னென்ன பண்றீங்க என்று கேட்க, இவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு நம்ம மிஷின், நம்ம ஐடியா, நம்ம இன்னோவேஷன் என்று ஒரே நம்ம மயம். நான் காபி டம்ளர்களோடு நின்றேன். பிறகு கையை உயர்த்தி ரைட், ரைட் என்றார், பழக்க தோஷம், சுருளி சுவிட்சைப் போட்டான். அப்பளம் வந்தது. அழகாக அடுக்கியது. கட்டு நிறைந்தது. மிஷின் நிற்கவில்லை. கட்டுக்கு மேல் கட்டாக ஏறி, சரிந்து, தட்டைத் தாண்டி, பேங்க் மேடம் மடியில் விழுந்தது. வந்தவர்களுக்குக் காற்று வரட்டும் என்று உங்கப்பா கதவு இரண்டையும் திறந்து வைத்திருந்தார். ஆடிக் காற்று கேட்க வேண்டுமா, அறை முழுக்க அப்பளம் பறக்கிறது, அதிகாரி தன் பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார், உங்கப்பா நடுவில் நின்றுகொண்டு ஹோல்டான், ஹோல்டான் என்று மிஷினைப் பார்த்துக் கத்துகிறார். சுருளி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். உங்கப்பா மெதுவாக என் பக்கம் கையைக் காட்டி, இவதான் சார் ஓனரு என்றார்.

சுருளி அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அக்கா போர்டு போயிருச்சு போல என்று முகம் வெளுத்து நின்றான். உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை, டிராமில் போய்க்கொண்டிருந்திருப்பாய். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஷட்டர் இறங்கும் சத்தமே காதில் கேட்டுவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை நேருக்கு நேராகப் பார்த்தேன். மாலையும் பொட்டுமாக, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. பொட்டு மட்டும்தான் தெரிந்தது, கண்ணைக் காணோம். மாயக்காள் அதட்டினால் அதட்டட்டும் என்று முந்தானையை எடுத்து அழுந்தத் துடைத்தேன். போடுடா சுருளி என்றேன். ஓடியது, எண்ணியது, கட்டு நிறைந்ததும் கச்சிதமாக நின்றது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார், மேடம் சேலையில் ஒட்டிய அப்பளத்தூளைத் தட்டிக்கொண்டே சிரித்தார். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. ஏம்மா, வெள்ளிக்கு வெள்ளி உங்க மிஷின் இப்படிக் கண்ணை மூடிண்டா வியாபாரம் என்னாகும், பொட்டு வைக்கப்படாதுன்னு வேலை செய்யறவாகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்கோ என்றார். சரி சார் என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். என் வாய் கேட்டால்தானே. பொட்டு வைக்காத மிஷின்ல மாயக்கா கை வைக்க மாட்டாக சார், நானும் வைக்க மாட்டேன் என்றேன். உங்கப்பா என் முழங்கையைக் கிள்ளினார். பேராசிரியர் மிஷினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்போ அடுத்த வெள்ளிக்கிழமையும் வரோம், பூஜை பண்ணி, பொட்டு வெச்சு, அப்படியே ஓட்டிக் காட்டுங்கோ என்றார். அன்னைக்கும் ஓடலைன்னா இந்த வருஷம் உங்களைச் சேர்க்க முடியாதும்மா என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நம் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சட்டசபையில்கூட அம்புட்டு விவாதம் நடந்திருக்காது. கண்ணில் பொட்டு வைக்காதீர் என்று போர்டு எழுதித் தொங்கவிடலாம் என்றார் உங்கப்பா, எழுதியும் விட்டார், அதற்கும் மாயக்காள் பொட்டு வைத்துவிட்டாள். கண்ணைப் பின்பக்கம் மாற்றிரலாம்க்கா என்றான் சுருளி. முதுகுல கண்ணு இருக்கிறதுக்கு அது என்ன பேயா என்று மாயக்காள் சண்டைக்குப் போனாள். புதன்கிழமை குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எனக்குப் பொட்டு வைத்தேன். இத்தனை வருஷமாக வைக்கிறேன், ஒரு நாளாவது என் கண்ணில் பட்டிருக்கிறதா என்று தோன்றியது. படாது. ஏனென்றால் எனக்கு நெற்றி இருக்கிறது. பாவம், அந்த மிஷினுக்குக் கண்ணைக் கொடுத்த நாம் நெற்றியைக் கொடுக்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் சமயநல்லூருக்கு பஸ் ஏறினேன். பழைய எவர்சில்வர் சம்படத்து மூடியை வெட்டி, கண்ணுக்கு மேலே அகலமாக ஒரு நெற்றி, அதன் கீழ் விளிம்பைப் புருவம் மாதிரி முன்னால் வளைத்து, சந்தனம் வழிந்தாலும் கண்ணில் இறங்காதபடி சுருளி வைத்துக் கொடுத்தான். மேலேயிருந்து விழுகிற மாவுத் தூசியும் இப்போது கண்ணில் படுவதில்லை, அது நான் நினைக்காமலே கிடைத்த லாபம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கதவைச் சாத்திவைத்தேன். மாயக்காளே தன் கையால் நெற்றி நிறையச் சந்தனம் அப்பினாள், குங்குமம் வைத்தாள். உங்கப்பாவை ரைட் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மிஷின் ஓடியது, எண்ணியது, நின்றது, எடுத்ததும் மறுபடி ஓடியது. பேராசிரியர் குனிந்து அந்த நெற்றியையும் புருவத்தையும் தடவிப் பார்த்தார், போன் எடுத்துப் படம் பிடித்தார். எண்ணுற மிஷின் ஊர்ல ஆயிரம் இருக்கும்மா, அதுக்கு நான் மார்க் போட்டிருக்க மாட்டேன், உங்க ஜனங்க எப்படி வேலை பார்ப்பாளோ அதுக்குத் தக்கபடி மிஷினை மாத்தினேளே, இதுக்குத்தான் போடறேன் என்றார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மிஷினைத் தொட்டுக் கும்பிட்டார். நேற்று கூப்பிட்டு அனுமதி ஆர்டர் கொடுத்தார்கள். அதிகாரி பேனாவை நீட்டினார், உங்கப்பா கையை நீட்டினார், அதிகாரி பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஓனர் போடணும் சார் என்றார். நான் போட்டேன், முழுப்பெயராக. வெளியே வந்ததும் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏத்தா, உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு இந்த வீட்டுல நான் என்ன செய்வேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் என்றார். அவரையும் சேர்த்துத்தான் நீ அழைத்தாய் என்பது அந்த மனுஷனுக்கு இத்தனை மாதமாகத் தெரியாதாம்.

ஆக, ஒப்பந்தப்படி நான் ஜெயித்துவிட்டேன். நீ கோபப்படாதே. நீ கூப்பிட்டது பாசத்தில்தான் என்று எனக்குத் தெரியாதா. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இல்லாத நாள் எனக்கு ஒன்றுகூடக் கிடையாது, அப்பளம் தேய்க்கும்போதும் உன் நினைப்புதான். ஓணம் ஆர்டரை அனுப்பி முடித்ததும் நாங்கள் இருவரும் வாரோம், உன் ஜன்னலோரம் உட்கார்ந்து டிராமை ஆசைதீரப் பார்க்கிறேன். ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு இல்லை, சாவியை மாயக்காளிடம் கொடுத்துவிட்டு.

வெயில்காலத்திலும் நீ ஸ்வெட்டர் போடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அதை வெயில்காலம் என்று சொல்ல உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே. இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, நான் பார்த்துக் கண்ணேறு கழிக்கும்படி நீடூழி வாழ ஆசீர்வாதம். அப்பளக்கட்டுக்குள் மடித்து வைத்திருப்பது மீனாட்சியம்மன் குங்குமம், வெள்ளிக்கிழமை உன் கம்பெனி மிஷினுக்கும் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் வைத்துவிடு, எங்கே வைக்கக்கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெ. முனீஸ்வரி, உரிமையாளர்