இரண்டாம் தரம் கேட்ட கேள்வி

சோமா,
ஜனவரி 1978

சிப்பேகோவின் அப்பாவுக்கு,

இங்கே சோமாவில் நாங்கள் சுகம். மழை தவறாமல் பெய்து மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது. ஜெனீவாவில் பனி கொட்டுவதாக எழுதியிருந்தீர்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

இனி என் ஆத்திரத்தைச் சொல்கிறேன். சிப்பேகோவை முதல் வகுப்பில் சேர்க்க முடியாது என்று தலைமையாசிரியர் ஹிமூங்கா சொல்லிவிட்டார். எல்லாம் நீங்கள் அவருக்கு எழுதியதால்தான். "குழந்தைங்க அறிவு எப்படி வளருதுன்னு படிக்கிறவரே, ஏழு வயசு மகளுக்கு நாலு வயசு புத்திதான்னு எழுதுறாரு. அதுக்கு மேல நான் என்னம்மா சொல்ல?" என்கிறார்.

அவளுக்கு வைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய அந்தச் சோதனை எப்படி நடந்தது தெரியுமா? நீங்கள் எழுதியபடியே இரண்டு குவளைகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றை ஒல்லியான, உயரமான குவளைக்கு மாற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள், யோசிக்காமல். மறுபடி கேட்டு, கடைசிப் பதிலை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்றுதானே அர்த்தம்? நீங்களும் இங்கே வளர்ந்தவர்தானே? பிள்ளை மிரண்டுபோய் உயரமானதைக் காட்டினாள். அதுதான் உங்களுக்கு வந்து சேர்ந்தது.

போன ஞாயிறு உங்கள் தங்கை பிள்ளைகளுக்கு அவள்தான் புளித்த பால் ஊற்றினாள். கோப்பைகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. தனக்குக் குறைச்சல் என்று லுயாண்டோ அழுதான். "உன் கோப்பை குண்டுடா, அதான் பால் கீழே நிக்குது. என்னோடதுல ஊத்திப் பாரு" என்று மாற்றியே காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டு குடித்தான்.

ஓடிப்போய் ஹிமூங்காவிடம் சொன்னேன். "பால் குடிக்கிறதெல்லாம் பரீட்சையாம்மா?" என்று சிரிக்கிறார். நான் சொன்னால் தாய்ப்பாசம், நீங்கள் எழுதினால் விஞ்ஞானம்!

பள்ளி திறந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் சீருடையில் போகும்போது இவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நேற்றுக் கேட்டாள்: "நான் சரியா சொல்லியிருந்தா அப்பா வந்திருப்பாரா?"

ஹிமூங்காவுக்கு உடனே மாற்றி எழுதுங்கள். கூடவே சிப்பேகோவுக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். அதில் கேள்வி ஒன்றும் வேண்டாம்.

கடவுள் உங்களை நல்லபடியாகக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
சோல்வே