கதையில் விட்ட பாடம்

அண்ணை,

இன்று காலை ஹோர்சன்ஸ் ரயிலில் எனக்கு முன்னால் இருந்த டேனிஷ் மூதாட்டி தோள்மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பூசுகிற தைலத்தின் அதே கற்பூர மணம் குப்பென்று வந்தது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் இருந்துவிட்டேன்.

கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்த காலத்தில் உங்கள் வலது கை தோளுக்கு மேலே ஏறாது. மேல்தட்டுப் பெட்டிகளை நான்தான் எடுத்துத் தருவேன். ஒருநாள் இடைவேளையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே காரணத்தைச் சொன்னீர்கள். ஊரில் ஆமிக்காரர் பிடித்து, கையைப் பின்னால் கட்டித் தூக்கி, சிநேகிதன் எங்கே ஒளித்திருக்கிறான் என்று இரண்டு இரவு கேட்டார்களாம்.

"மூண்டாம் நாள் விடிய இடத்தைச் சொல்லிப்போட்டன் தம்பி. அவங்கள் போகேக்கை அவன் வள்ளம் ஏறிட்டான். ஆனா நான் சொன்னது சொன்னதுதானே."

உங்கள் மனைவியான அக்காவுக்குக்கூடச் சொல்லாததை எனக்குச் சொன்னீர்கள்.

அப்போது நான் உளவாளி நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். உலகப்போரில் இங்கிலாந்தில் பயிற்சி எடுத்து, பரசூட்டில் இந்த நாட்டு வயல்களில் வந்து குதித்த டேனிஷ்காரரைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடி வாசித்தேன். நித்திரையில் கிடப்பவர்களை எதிரியின் உடுப்புப் போட்ட ஆசிரியர்கள் இழுத்தெடுத்து, முகத்தில் வெளிச்சம் அடித்து விசாரிப்பார்களாம். உடுப்பு, வெளிச்சம், உறுக்கல் எல்லாவற்றையும் கதைக்குள் அள்ளிப் போட்டேன். ஒன்றை மட்டும் விட்டேன். கடைசிவரை வாய் திறக்காமலிருக்க எவராலும் ஏலாது, கூட்டாளிகள் இடம் மாறும்வரை தாங்கினால் போதும் என்று அங்கே படிப்பித்திருந்தார்கள். அதைப் போட்டால் என் கதாநாயகன் சப்பென்று போய்விடுவான். அவன் தோலை உரித்தாலும் சிரிக்கிற ஆள் அல்லவா!

புத்தக வெளியீடு தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில். முதற் பிரதி வாங்க உங்களைத்தான் மேடைக்கு அழைத்தேன். "உயத்திப் பிடியுங்கோ அண்ணை" என்றார் படம் எடுத்தவர். புத்தகம் உங்கள் நெஞ்சுக்கு மேலே வரவில்லை. பிறகு பேசிய பெரியவர், "அடிக்குப் பயந்து காட்டிக்குடுக்காதவன்தான் ஆம்பிளை!" என்று முழங்கினார். சபை கைதட்டியது. நீங்களும் தட்டினீர்கள்.

திரும்பும் ரயிலில், கடற்பாலத்தில் போகும்போது கேட்டீர்கள்: "தம்பி, நீ எல்லாம் வாசிச்சனி. பயிற்சி எடுத்த ஆக்கள் உண்மையா ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

பொன்னாடை இன்னும் என் தோளில் கிடந்தது.

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் படிப்பிச்சவங்கள்" என்றேன், வாய் கூசாமல்.

"அப்ப பிழை என்னிலைதான்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு வடை தந்தீர்கள். சீ, அந்த வடையையும் தின்றேனே!

அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உங்கள் செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்து, "உங்கட புத்தகத்தைத்தான் தம்பி திருப்பித் திருப்பி வாசிக்கிறவர்" என்றபோது வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் தின்கிறது. அந்த விசாரணை அத்தியாயத்துக்காக இப்போதும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். தன்னடக்கம் என்கிறார்கள்.

மறுபதிப்புக் கேட்கிறார்கள். விட்ட பாடத்தைச் சேர்த்துத்தான் கொடுப்பேன். கதாநாயகன் மூன்றாம் நாள் விடிய வாய் திறப்பான். வாசிப்பவர்கள் காறித் துப்பினாலும் துப்பட்டும். ஆனால் உங்களுக்கு இனி அதால் என்ன?

உங்கள் கேள்வியைத்தான் சுமந்து திரிகிறேன். ரயில் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் வாய்க்குள் பதில் சொல்கிறேன்:

"இல்லை அண்ணை. அவையும் சொல்லுவினம். ஆள் தப்புமட்டும் தாங்கினால் போதும் எண்டுதான் படிப்பிச்சவங்கள். நீங்கள் தாங்கினீங்கள். உங்கட சிநேகிதன் வள்ளம் ஏறிட்டான்."