ஒன்றின் முப்படி மூலம்

திண்டிவனம், வெள்ளி இரவு.

என் ஆராய்ச்சி மாணவி செல்வி இன்று துறைக் கருத்தரங்கில் தன் தேற்றத்தைச் சொன்னாள். பாலிலாகரிதம் என்கிற அடுக்குத் தொடர்களின் ஆழத்தை ஒற்றை இரட்டை பார்த்துக் குறைக்கிற தேற்றம்; எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும் என்றாள். ஒன்றையும் மைனஸ் ஒன்றையும் மட்டுமே போட்டுப் பார்த்திருந்தாள். அவற்றைத் தலைகீழாக்கினாலும் அதே எண்தான் வரும். இந்த ஓட்டை எனக்கு முன்பே தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

எல்லார் முன்னாலும் கேட்டேன்: "ஒன்றோட முப்படி மூலத்தைப் போட்டுப் பாத்தியாம்மா?"

அதைத் தலைகீழாக்கினால் வேறு எண் வரும்; தேற்றம் உடைந்துவிடும். போர்டை அவளே அழித்தாள்.

கரும்பு வெட்டை விட்டுவிட்டுக் காணை கிராமத்திலிருந்து வந்திருந்த அவள் அப்பா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் புரியல, பாத்துக்கினே இருந்தேன். பொண்ணு நல்லா பேசுச்சுங்களா சார்?"

"ரொம்ப நல்லா."

"எல்லாம் உங்க புண்ணியங்க" என்று கும்பிட்டு, அவித்த மல்லாட்டைப் பை ஒன்றைக் கொடுத்தார். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உப்பு கொஞ்சம் குறைவு.