நீலக் கட்டியில் என்ன சேர்த்திருக்கிறார்கள்

தலவிலப் பாதை,
கற்பிட்டி.
1937 ஆவணி

சேசு மரி சூசை

அன்புள்ள மகள் றெஜினாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். பினாங்கில் நீயும் மருமகனும் குழந்தையும் நோய்நொடியின்றி இருக்கவேண்டுமென்று செபமாலையில் நாள் தவறாமல் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். அண்ணன் பஸ்தியானுக்கு இந்த மாதம் மீன்பாடு குறைவு, என் மூச்சிழுப்பு பரவாயில்லை, குழந்தையைப் பனியில் வெளியே கொண்டுபோகாதே.

நீ அனுப்பிய வண்ணக் கட்டிப் பெட்டியைப் பற்றி எழுதவேண்டும். அம்மா போனபிறகு நித்திரையில்லாமல் கிடக்கிறீங்களே அப்பா, இதால படம் கீறிப் பாருங்க, மனம் ஆறும் என்று எழுதியிருந்தாய். உப்புக் கந்தோரில் கணக்கெழுதிய கைக்கு இது வருமா என்று பயந்து பயந்துதான் தொடங்கினேன். வழுவழுப்பான கடதாசியில் வண்ணம் வழுக்கியது, ஸலாஹுதீன் கடையில் சீனி சுற்றிக் கொடுக்கும் முரட்டுத் தாளில் நன்றாகப் பிடித்தது. இருண்ட நிறத்தை முதலில் மெல்லப் பூசி, வெளிச்சத்தை அதன் மேலே வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தை விரலால் தேய்க்கவேண்டும், தூளை ஊதாமல் தாளைச் சரித்துத் தட்டவேண்டும், என் இழுப்புக்கு அது முக்கியம். களப்புத் தண்ணீரையும் ஒரு வள்ளத்தையும் கீறினேன். வள்ளம் சப்பாத்தைப்போல வந்தது, ஆனாலும் அன்று மத்தியானம் கனநாளைக்குப் பிறகு அயர்ந்து நித்திரை கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். அண்ணன் பெண்சாதி கத்தரினா, வெறும் தண்ணியக் கீறி என்ன பிரயோசனம் மாமா, அன்னம்மாத் தாயாரைக் கீறித் தாங்க என்றாள். நீலப் போர்வையோடு கீறிக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் மாட்டவேண்டாம், கை பட்டால் உதிரும் என்றும் சொன்னேன். பஸ்தியான் புத்தளத்திலிருந்து கண்ணாடி கொண்டுவருமுன் தலவிலக் கோயில் அன்னம்மா திருநாள் வந்துவிட்டது, அவள் பொறுக்காமல் விறாந்தையில் மாட்டிவிட்டாள். வழக்கம்போல யாத்திரைச் சனம் நம் முற்றத்தில் வண்டில்களை விட்டது. நம்மவர்கள் தாயாரின் படத்தைக் கண்டால் தொட்டு விரலை முத்தமிடாமல் போவார்களா? கடற்கரை மீன்வாடியில் கருவாடு காயவைக்கும் மக்டலின் காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்து தொட்டாள், விரல் நீலமானது. தாயார் தன்ட போர்வையிலயிருந்து தந்திட்டா என்று கத்தி அதைப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். அடுத்தநாள் காய்ச்சல் விட்டது. அது தானாகவே விடும் காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அத்தனை பேர் முழங்காலில் நிற்கையில் இது வெறும் சுண்ணம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று தொடக்கம், திருநாள் முடிந்தும், படத்தைத் தொட வரும் சனம் ஓயவில்லை. போர்வை தேயத்தேய, விடிந்ததும் என்னைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசச் சொல்வாள் கத்தரினா. இது கள்ளமில்லையா பிள்ளை என்று கேட்டேன். நீங்க பூசினாலும் கையப் பிடிக்கிறது தாயார்தானே மாமா, வந்த சனத்த வெறுங்கையோட அனுப்புறதா என்றாள். எனக்குத்தான் விசுவாசம் குறைவோ என்று நினைத்துக்கொண்டு கட்டியை எடுத்தேன். வெளியே இறங்கினால் பெண்கள் என் கையையும் முத்தமிட வருகிறார்கள் என்று அறைக்குள்ளேயே கிடந்தேன். சன்னலைக்கூடத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கும் தின்னக் கொடுக்கிறார்களே என்ற பயம் தாளாமல் ஒரு சிட்டிகையை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன், மண் ருசி, வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கிழவன் வயிறும் பாலன் வயிறும் ஒன்றா மகள்?

போன கிழமை நீலக் கட்டி தீரும் தறுவாய்க்கு வந்தது. கத்தரினா உடுப்புக்குப் போடும் நீலத்தை இடித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள், நீலம்தானே மாமா, ஆருக்குத் தெரியப்போகுது என்றாள். அப்போதுதான் எழும்பி வெளியே போனேன். மக்டலின் பிள்ளையின் வாயைத் திறந்து பிடித்தபடி முன்னால் நின்றாள். மக்டலின், இது பினாங்கிலிருந்து என் மகள் அனுப்பிய வண்ணக் கட்டி, நான் தினமும் பூசுகிறேன், தின்னக் கொடுக்காதே என்றேன். கிளாக்கர் ஐயாவுக்கு மண்ட கலங்கிட்டு என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்ப ஐயா, இவ்வளவு நாளும் என்ட பிள்ளைக்கு நான் என்னத்தத் தின்னக் குடுத்தனான் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பெட்டியில் பிரெஞ்சு எழுத்து, என் இங்கிலீசு உதவவில்லை. பஸ்தியான் இருவரையும் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், இப்போதைக்குப் பிள்ளையில் குற்றமொன்றும் காணவில்லை, வண்ணத்தில் என்ன இருக்கென்று தெரிந்தால்தான் மேலே சொல்லலாம் என்றாராம் டாக்குத்தர். படத்தைக் கழற்றிவிட்டேன். முற்றத்துக்கு ஒருவரும் வருவதில்லை. கத்தரினா சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு சொல்லுச் சொல்ல இவ்வளவு நாளா அப்பா என்று பஸ்தியானும் கேட்டுவிட்டான்.

மகள், கட்டியின் மிச்சத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். வாங்கிய கடையில் இந்த நீலத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள், பாலன் விழுங்கினால் என்ன செய்யும் என்று கேள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் பெரியாஸ்பத்திரி மருந்துச்சாலையில் காட்டு. அவர்கள் சொல்வதை அப்படியே எழுது, அப்பாவின் மனத்துக்காக ஒரு சொல்லையும் குறைக்காதே. நல்லதோ கெட்டதோ, வாடிக்கு நானே நடந்துபோய் மக்டலினுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உனக்கும் மருமகனுக்கும் குழந்தைக்கும் நெற்றியில் சிலுவையிட்டு ஆசீர்வதிக்கிறேன். உன் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால் குழந்தைக்கு எட்டாமல் அலுமாரிக்கு மேலே வை.

உன் அப்பா,
ம. சூசைதாசன்