தந்தையின் கையொப்பம்

நேற்று மாலை நம் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பேத்தியின் பள்ளியிலிருந்து வந்தது. இந்தப் பருவத்தில் ஓவியப் போட்டி, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி என்று வெளியே போகவேண்டிய நிகழ்ச்சிகள் ஏழு இருக்கின்றனவாம்; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்புதல். "அப்பா, அவர் பெங்களூர்ல இருக்காரு. நான் கையெழுத்துப் போட்டா ஒத்துக்க மாட்டாங்களாம். நீங்களே படிச்சுப் பாருங்க, எந்த மடையன் எழுதினானோ!" என்றாள்.

படித்தேன். "தந்தையின் கையொப்பம் பெறப்படாத எந்த மாணவரும் பள்ளி வளாகத்துக்கு வெளியே அழைத்துச் செல்லப்படமாட்டார்."

அந்த மடையன் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்லத் தேவையில்லை. எழுதச் சொல்லி வெள்ளைத் தாளை நீட்டியவளே நீதான். ஆவடிக்கு அப்பால் இருந்த உன் நடுநிலைப் பள்ளிக்காக எழுதிக் கொடுத்த வாக்கியம், வேறு பள்ளிகளுக்குப் போன ஆசிரியர்களின் பைகளில் பயணம் செய்து பேத்தியின் முகப்பேர் பள்ளி வரை வந்திருக்கிறது. ஒரு சொல்லும் மாறவில்லை.

நான் அதை எழுதிய ஆண்டின் இரண்டாம் பருவத்தில் வீடே உன் பள்ளியாக இருந்தது. எட்டாம் வகுப்பு ஆசிரியை என்பதால் எல்லாப் போட்டிகளும் உன் தலையில்தான் விழுந்தன. கூடத்தின் ஒரு மூலையில் அட்டையில் செய்த மழைநீர்த் தொட்டி. நாற்காலியில் மாறுவேடப் போட்டிக்கான பஞ்சுத் தாடி. வக்கீலான என்னைப் பார்க்க வந்த கட்சிக்காரர்கள் தாடியை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். உன் கோ-கோ அணி அக்கம்பக்கப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் வென்ற அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று பேசினாய். "மெர்சின்னு ஒரு பொண்ணுங்க. தொரத்துறவ கை நீட்டுவா, அங்க இவ இருக்கமாட்டா. கடைசி வரைக்கும் ஒருத்தியாலும் தொட முடியல!"

மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும் என்றபோதுதான் படிவம் கேட்டாய். சுற்றுலாவில் கால் முறிந்த ஒரு மாணவனுக்காக நடந்த வழக்கில், அவனுடைய ஆசிரியையைக் கூண்டில் நிறுத்தி எதிர்த்தரப்பு கேட்ட கேள்விகளை அதற்குச் சில மாதங்கள் முன்பு நேரில் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன். எழுதினேன்.

போட்டிக்கு முந்தின மாலை மெர்சி தன் தாயோடு வீட்டுக்கு வந்தாள். நான் அலுவலக அறையில் இருந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது.

"அந்தாளு எங்கள உட்டுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது டீச்சர். எங்க கீறான்னே தெரியாது. அவன் கையெழுத்துக்கு நான் எங்கன்னு போவேன்? சோறு போடுறது நானு. நான் போட்டா செல்லாதா?"

"சும்மா இரும்மா" என்று அந்தப் பெண் தாயை அடக்கினாள். பிறகு உன்னிடம், "அப்பா கையெழுத்த நானே போட்டுக்கினு வந்துருப்பேன் டீச்சர். உங்ககிட்ட பொய் சொல்ல வேணான்னுதான் போடல" என்றாள்.

நீ உள்ளே வந்து கதவைச் சாத்தினாய். "அம்மா கையெழுத்துப் போதாதாங்க?"

"படிவத்துல தந்தைன்னு இருக்கு. ஒருத்திக்கு விலக்குக் கொடுத்தா படிவமே இல்லாத மாதிரி. நாளைக்கு ஏதாவது ஆனா கூண்டுல நிக்கப்போறது நீ."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று திரும்பினாய்.

சரியாக இல்லை. சரியில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். கணவன் கைவிட்டுப் போன ஒரு பெண்ணுக்காக, தந்தை பராமரிப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று அதே ஆண்டில் வாதிட்டு உத்தரவும் பெற்றவன் நான். 'அம்மா போதும்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் வாக்கியத்தில் குறை இருந்ததாகிவிடும். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கு உன் பாதுகாப்பு என்று பெயர் வைத்தேன்.

கூடத்தில் நீ, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மெர்சி" என்பது கேட்டது.

"எட்டாவதோட நம்ம ஸ்கூல் முடியுது டீச்சர்" என்றாள் அவள்.

உனக்கு அது தெரியாதா என்ன? சொல்வதற்கு வேறெதுவும் கிடைத்திருக்காது.

மறுநாள் முதல் சுற்றிலேயே இரண்டு புள்ளிகளில் தோற்றுத் திரும்பினீர்கள். பருவ முடிவில் சாதனை அறிக்கை எழுத உட்கார்ந்தாய். கண்காட்சியில் இரண்டாம் பரிசு, மாறுவேடத்தில் முதல் பரிசு. ஒவ்வொரு விளையாட்டிலும் கடைசியாக எட்டிய நிலையை மட்டும் எழுதுவது உங்கள் பள்ளி வழக்கம். ஆகவே கோ-கோவுக்கு நேராக 'மாவட்ட அளவில் பங்கேற்பு' என்று எழுதி, போனவர்களின் பெயர்களை வரிசையாக இட்டாய். பிறகு கேட்டாய், "மெர்சி பேரை எங்கங்க எழுதறது?"

"மாவட்டத்துல அவ கலந்துக்கலையே. எழுத முடியாது" என்றேன்.

பேனாவை மூடி வைத்தாய். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பள்ளித் தாள் ஒன்றைக்கூட நீ என்னிடம் காட்டியதில்லை. நாம் பேசாமல் இல்லை. காய்கறி, மகள் கல்யாணம், உன் முழங்கால் வலி எல்லாம் பேசினோம். எதிலும் என் கருத்தை மட்டும் நீ கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்காதவனாக நடந்துகொண்டேன்.

நீ போன மூன்றாம் நாள் மெர்சி வந்தாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. மகள் மாடிக்குப் போயிருந்தாள். கூடத்தில் நானும் அவளும் மட்டும்.

"ஒரு மேட்ச்சுக்கு டீச்சர் என்னைக் கூட்டிக்கினு போல சார். ரொம்ப வருசம் கோவம். அதுக்கப்புறம் நான் ஆடவே இல்ல. போன வருசம் பஸ்ல பாத்தப்ப கேட்டுப்புட்டேன், ஏன் டீச்சர் என்ன உட்டுட்டுப் போனீங்கன்னு. 'நான்தாம்மா பயந்துட்டேன்'னாங்க. வேற ஒண்ணும் சொல்லல." மாலையிட்ட உன் படத்தின் பக்கம் திரும்பினாள். "போவட்டும், மன்னிச்சுட்டேன் சார்."

நீ என் பெயரைச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகள் கழித்து, ஓடும் பேருந்தில், நான் இல்லாத இடத்தில்கூடச் சொல்லவில்லை. அவள் எண்ணத்தைத் திருத்த எனக்கு அன்று ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. "டீ குடிச்சுட்டுப் போம்மா" என்றேன்.

குடித்தாள். கிளம்பும்போது ஒரு துண்டுத் தாளில் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, "டீச்சர் இல்லாம கீறீங்க, எதுனா வேணும்னா கூப்டுங்க சார்" என்றாள். பதினோரு மாதங்கள் ஆகின்றன. சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்து அடுத்த சட்டையின் பையில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.