குழிக்குள் வைக்காத படம்

பாபா,

இன்று காலை குட்மேய்ஸ் பக்கத்துக் கடையொன்றில் அப்ரிகொட் பழக்கொட்டைப் பருப்பு ஒரு பை வாங்கினேன். பையில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவரின் படம்; நூறு வயது வாழும் மலைவாசிகளின் உணவு என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றைக் கடித்தேன். நீங்கள் எப்போதும் கொறிக்கும் அந்தப் பருப்பின் கசப்பு மணம் எழுந்ததும் மேல்மாடியில் உங்கள் அறைக் கதவு திறந்த மாதிரி இருந்தது. அங்கே இப்போது யாரும் குடியில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கீழ்த்தளத்தில் குடியேறியபோது, மேலே நீங்கள் தனியாக இருந்தீர்கள். பாகிஸ்தானின் ஹுன்சாப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் பிறந்து, கப்பல் சமையல்காரராக வந்து லண்டனில் தங்கிவிட்டவர். வயது கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறொன்று சொல்வீர்கள். தகப்பனும் பாட்டனும் நூறைத் தாண்டியவர்களாம். பழமா, பனித்தண்ணீரா காரணம் என்று கேட்டேன். "எங்களுக்குச் சாக நேரமில்லை" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பழைய புகைப்படத்தைக் காட்டினீர்கள். செங்குத்தான பாறையில் செதுக்கிய உருவம், தோளளவு தூக்கிய வலக்கை. புத்தர் என்றேன். இல்லை, ஆட்களைத் தின்ற ராட்சசி என்றீர்கள். உங்கள் முன்னோர் ஒருவர் அவளை மந்திரத்தால் பாறையோடு அறைந்தாராம். தான் இருக்கும்வரை அவள் அசையமாட்டாள், செத்தால் தன்னை அவள் காலடியில் புதைக்க வேண்டும் என்றாராம். அன்றிலிருந்து உங்கள் குடும்பத்தில் ஒருவர் உயிரோடிருந்து காவல். கடைசி ஆள் நீங்கள். ஊருக்குப் போக வழியில்லாததால் படத்தைக் காத்துக்கொண்டிருந்தீர்கள்.

இலங்கை ராணுவ முகாம் வாசல்களில் புத்தரைக் கண்டு பயந்து ஓடி வந்தவன் நான். அந்த நானே அன்று புத்தருக்காக உங்களோடு வாதாடினேன். உங்கள் மக்கள் ஒரு காலத்தில் கும்பிட்டவரைத்தான் மறந்துபோய்ப் பேயாக்கிவிட்டீர்கள் என்றேன். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். என் மனைவியிடம் பழகிய தமிழில், "தம்பி, என்னை அவளின்ரை காலடியிலை புதைக்கேலாது. படத்தை என்ரை காலடியிலை வை. மறக்காதை" என்றீர்கள். ஓம் என்றேன்.

மறக்கவில்லை, பாபா. உங்களைப் புதைத்த மையவாடியில் படம் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் சாமிப் படம் கைதவறி விழுந்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதைச் செத்தவர் குழிக்குள், காலடியில் வைப்பதா? கை கூசியது. அதற்குள் மண் போடத் தொடங்கிவிட்டார்கள். படத்தைக் கொண்டுவந்து சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் கை முந்தித் தோளடியிலை எல்லோ இருந்தது?"

இப்போது நெஞ்சுக்குக் கீழே இருந்தது. லண்டன் ஈரத்துக்குப் படம் சுருங்கியிருக்கும் என்றேன். அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். உங்கள் கதையை நான் அவளுக்குச் சொன்னதேயில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, பாபா. உங்கள் குழியைத் திறக்க யாரும் விடமாட்டார்கள். என் காலடியில் வைக்கச் சொல்லலாம் என்றால், எங்களை எரிப்பார்கள். காலடி என்று ஒன்று மிஞ்சாது. இனிக் காவல் நான்தான்; அதனால் பிரஷர் குளிசையை நேரம் தவறாமல் போடுகிறேன். வாகனமே வராத தெருவிலும் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கிறேன்.

நேற்று அப்படி நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர், எங்கே போவதற்கு இவ்வளவு கவனம் என்று பகிடியாகக் கேட்டார். எனக்குச் சாக நேரமில்லை என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போனார்.